வீட்டில் பாட்டு கட்ட டிரம் மென்பொருளா, டிரம் மெஷினா? பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பாலக்கோடு பக்கம் எங்கள் வீடு, வேலை ஓசூரில், ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டு எல்லோரும் படுத்த பிறகுதான் கிடாரை எடுக்க நேரம் வாய்க்கும். அந்த நேரத்தில் தாளத்துக்கு யாரைக் கூப்பிடுவது? அதனால் முதலில் ஒரு டிரம் மெஷின், அதாவது நாம் போட்டு வைத்த அடியைத் தானாக வாசிக்கும் பெட்டி, வாங்கினேன். ஏழு மாதத்தில் 5,500 ரூபாய் நட்டத்துக்கு விற்றேன். அப்புறம் காசு கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கினேன், என் பழைய லேப்டாப்பில் அது திறக்கவே மூன்று நிமிடம் ஆனது, ஐந்து மாதம் சும்மா கிடந்தது. கடைசியில் என் முதல் பாட்டு முழுதாக முடிந்தது ஒரு பைசா கொடுக்காமல் இறக்கிய மென்பொருளில். வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. நீங்கள் நேராகச் செய்ய வேண்டிய வரிசை இது. கச்சேரிக்கு வாசிப்பவர்களுக்காக எழுதவில்லை, வீட்டில் மெட்டுப் போட்டு வரி எழுதுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. உங்கள் பாட்டு எந்த நடையில் போகிறது என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் கடைக்குப் போனதுதான் நான் செய்த பெரிய தப்பு, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போனில் ரெக்கார்டரை ஆன் செய்து, நீங்கள் எழுதிய மூன்று நான்கு பாட்டுகளைத் தொடையில் தட்டிக்கொண்டே பாடிப் பதிவு செய்யுங்கள். பிறகு அதை ஓடவிட்டு மேலே சொற்கட்டைச் சொல்லிப் பாருங்கள். ‘தகதிமி தகதிமி’ உட்கார்ந்தால் அது நான்கு. ‘தகிட தகிட’ உட்கார்ந்தால் மூன்று, அதாவது மென்பொருளில் 6/8 அல்லது 12/8. ‘தகதகிட’ என்றால் ஐந்து, கண்ட சாப்பு. ‘தகிட தகதிமி’ என்றால் ஏழு, மிஸ்ர சாப்பு. சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை, எது இடிக்காமல் ஓடுகிறது என்று காதே சொல்லிவிடும்.

என் ஆறு பாட்டில் நான்கு ‘தகிட’வில் இருந்தன. தாலாட்டும் கும்மியும் திருவிழா அடியும் கேட்டு வளர்ந்தவனுக்கு மெட்டு வந்தால் பெரும்பாலும் அப்படித்தான் வரும் போல. ஆனால் டிரம் மெஷின்களில் பல, 16 கட்டம் (ஒரு கட்டம் என்பது ஒரு அடி விழும் இடம்) போட்டு, நான்கு நான்காகப் பிரித்து, நான்கு எண்ணிக்கைக்காகவே செய்யப்பட்டவை. கடையில் பட்டனைத் தட்டியதும் வரும் டெமோ அந்த நான்கில் அட்டகாசமாக இருக்கும். நானும் அதில்தான் விழுந்தேன். வீட்டுக்கு வந்து என் பாட்டை அதன்மேல் பாடினால், மாட்டு வண்டிக்கு ஒரு சக்கரம் சிறிதாகப் போட்ட மாதிரி இருந்தது.

அதனால் எதை வாங்கினாலும் முதல் கேள்வி இதுதான்: 16 கட்டத்தை 12 ஆகவோ 10 ஆகவோ 14 ஆகவோ சுருக்க முடியுமா? கோர்க் வோல்கா பீட்ஸ் மாதிரி சின்னப் பெட்டியில் கட்டங்களை அணைத்துப் போட்டுச் சுருக்கலாம். சில பெட்டிகளில் முடியாது. கடைக்காரருக்குப் பெரும்பாலும் தெரியாது, கையேட்டை முன்பே இறக்கி ‘டைம் சிக்னேச்சர்’, ‘லாஸ்ட் ஸ்டெப்’, ‘ஆக்டிவ் ஸ்டெப்’ என்ற சொற்களைத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

12 கட்டத்தில் ஒரு எளிய ‘தகிட’ அடியை இப்படிப் போடலாம். ஹைஹேட் (இரட்டைத் தட்டு) 12 கட்டத்திலும், 1, 4, 7, 10 மட்டும் சற்று அழுத்தி. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 1, 7. ஸ்நேர் (சடசடக்கும் சின்ன டிரம்) 4, 10. இத்தோடு 6, 12 இரண்டிலும் கிக்கைப் பாதி சத்தத்தில் வைத்துப் பாருங்கள், அடி உடனே நடக்க ஆரம்பிக்கும். அந்தப் பாதி சத்தம் முக்கியம். எல்லா அடியும் ஒரே சத்தத்தில் இருந்தால் தையல் மெஷின்தான்.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. ‘தகிட’வில் மூன்று எழுத்துக்கு ஒரு முறை காலால் தட்டுவோம், ஆனால் பல மென்பொருள்களில் 6/8 என்று வைத்தாலும் வேகத்தை அது இரண்டு எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கிலேயே எண்ணும். நீங்கள் காலால் தட்டுவது நிமிடத்துக்கு 90 என்றால் மென்பொருளில் 135 என்று போட வேண்டியிருக்கும், ஒன்றரை மடங்கு. இது தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை என் பாட்டு ஏன் இப்படி இழுக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

2. வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று எடுத்து வையுங்கள்

லேப்டாப் அல்லது கணினி: ரேம் 8 ஜிபி, ஹார்டு டிஸ்க் இல்லாமல் எஸ்எஸ்டி, 64 பிட் விண்டோஸ் 10க்குக் குறையாமல். இவ்வளவு இருந்தால் சாதாரண டிரம் மென்பொருள் ஓடும். 4 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்கும் என்றால், மென்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அதை மாற்றுங்கள். என் லேப்டாப்புக்கு ரேமும் எஸ்எஸ்டியும் சேர்த்துப் போட்ட பிறகுதான் அந்த ஐந்து மாதத் தூக்கம் கலைந்தது.

கீபோர்டு: வீட்டில் பிள்ளைகள் வகுப்புக்காக வாங்கிய கீபோர்டு இருந்தால் அதை முதலில் திறந்து பாருங்கள். யமஹா பிஎஸ்ஆர்-ஐ500, காசியோ சிடி-எக்ஸ்870ஐஎன் போல நம் நாட்டுக்கென்றே வந்த மாடல்களில் இந்தியத் தாளங்கள் உள்ளேயே இருக்கின்றன. மெட்டுப் போட உட்காரும்போது அது போதும். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிள் எடுத்து ஆடியோ இன்டர்ஃபேஸில் (சத்தத்தைக் கணினிக்குள் அனுப்பும் சின்னப் பெட்டி) கொடுத்தால் பதிவும் ஆகிவிடும். பரணில் ஒரு டிரம் மெஷினை வைத்துக்கொண்டே இன்னொன்று தேடி அலைகிற வீடு எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு.

ஹெட்போன்: ஒயர் உள்ளது வேண்டும். புளூடூத் வேண்டவே வேண்டாம், பட்டனைத் தட்டிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் காதுக்கு வரும், தாளம் தவறுவது உங்கள் கையில் என்று நினைத்து நொந்துபோவீர்கள். போன் ஸ்பீக்கரிலும் முடிவு எடுக்காதீர்கள், கிக் சத்தம் அதில் கேட்கவே கேட்காது.

விண்டோஸில் இன்டர்ஃபேஸ் இல்லாமல் வாசிப்பவர்கள் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு பஃபர் அளவை (கணினி சத்தத்தைச் சேர்த்து வைத்து வெளியே விடும் அளவு) 256க்குக் கொண்டுவாருங்கள். 44,100 ஹெர்ட்ஸில் 1,024 என்றால் 23 மில்லி விநாடி தாமதம், 256 என்றால் 6 மில்லி விநாடிக்கும் குறைவு. அந்த வித்தியாசத்தை விரல் உணரும்.

3. இலவசத்தில் ஒரு பாட்டை முடித்துவிடுங்கள்

இரண்டு வார இறுதிகள் ஒதுக்குங்கள். ஒரு பாட்டு, பல்லவி, அனுபல்லவி, ஒரு சரணம், முடிவு, அவ்வளவுதான். முடிக்கும் வரை கடைப் பக்கம் போகாதீர்கள், விலையும் பார்க்காதீர்கள்.

எதில் செய்வது என்றால்:

ஹைட்ரஜன். திறந்த மூல டிரம் மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய கணினியையும் படுத்தாது. முகம் கொஞ்சம் பழசு, ஆனால் நமக்குத் தேவையான ஒன்று இதில் சுலபம்: ஒவ்வொரு பேட்டர்னின் (திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுற்று அடி) அளவையும் தனித்தனியாக 4/4, 6/8, 7/8 என்று எழுதிவிடலாம். ‘ஹியூமனைஸ்’ என்று மூன்று திருகுகள் உண்டு, சத்தத்திலும் நேரத்திலும் சிறு பிசகு சேர்க்கும். கால் பங்குக்கு மேல் திருப்பாதீர்கள், குடித்துவிட்டு வாசித்த மாதிரி ஆகிவிடும். முடித்ததும் சத்தமாக வேவ் கோப்பிலோ, எந்த அடி எப்போது என்ற குறிப்பாக மிடியிலோ எடுத்துக்கொள்ளலாம்.

எம்டி பவர் டிரம்கிட். இது பதிவு மென்பொருளுக்குள் செருகும் பிளக்இன். நிஜ டிரம்ஸ் சத்தம், சேர்த்துத் தரும் அடிகளும் நன்றாக இருக்கும். திறக்கும்போது நன்கொடை கேட்கும் திரை வரும், தாண்டிப் போகலாம். உள்ளே வைக்க ஒரு பதிவு மென்பொருள் வேண்டும், ரீப்பர் 60 நாள் முழுதாகச் சோதிக்கக் கொடுக்கிறது, அதற்குப் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர்.

ஐபோன், ஐபேட், மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்டும் அதற்குள் இருக்கும் ‘டிரம்மர்’ வசதியும் இலவசம். ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான் என்றால் பேண்ட்லேப்.

எதில் செய்தாலும் மிடி எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹைஹேட் 42, திறந்த ஹைஹேட் 46, க்ராஷ் தட்டு 49, ரைடு தட்டு 51. பொது மிடி ஏற்பாடு இது, பெரும்பாலான மென்பொருள்கள் இதை ஒட்டியே வரும். இன்று ஹைட்ரஜனில் போட்ட அடியை நாளை காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் அப்படியே ஓடவிடலாம், உழைப்பு வீணாகாது.

ஒரு எச்சரிக்கை. ரெடிமேட் லூப்களை (பிறர் செய்து தரும் தாளத் துண்டுகள்) அப்படியே வைத்துப் பாட்டை யூடியூபில் ஏற்றினால், அதே லூப்பை வைத்து முன்பே பாட்டு ஏற்றியவர் பெயரில் உங்களுக்கு உரிமைக் கோரிக்கை வரக்கூடும். லூப் முறையாகக் கிடைத்ததாக இருந்தாலும் வரும். அதனால் லூப்பின் உரிமப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், முடிந்தால் இரண்டு அடியை மாற்றிப் போடுங்கள். இன்னொன்று, கிராக் செய்த மென்பொருள் பென் டிரைவில் வந்தால் வாங்காதீர்கள். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் அதைப் போட்டதில் கல்யாண வீடியோ கோப்புகள் உட்பட எல்லாம் பூட்டிக்கொண்டன.

4. இப்போது பெட்டியா மென்பொருளா என்று முடிவு செய்யுங்கள்

முதல் பாட்டை முடிக்கும்போது உங்களுக்கு எங்கே எரிச்சல் வந்தது? அதுதான் விடை.

திரையைப் பார்த்தாலே வரி வரமாட்டேன் என்கிறது, வேலையிலும் எட்டு மணி நேரம் திரைதான் என்றால் பெட்டி. சத்தம் பொம்மை மாதிரி இருக்கிறது, பாட்டின் நடுவே அடி மாற்றி மாற்றித் திருத்த வேண்டியிருக்கிறது என்றால் மென்பொருள். கிடாரில் இரண்டு கையும் மாட்டிக்கொள்கிறது, காலால் அடியை ஆரம்பித்து நிறுத்த வேண்டும் என்றால் பீட்பட்டி போன்ற கால் பெடல், அல்லது தாளம் உள்ளே வைத்த லூப் பெடல் (நாம் வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது). பாஸ் ஆர்சி-5இல் 57 தாளங்களும் 7 டிரம் செட்களும் உண்டு, அதே வரிசையில் சின்னதான ஆர்சி-1இல் தாளமே கிடையாது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், பாட்டு எழுதுகிறவருக்கு மென்பொருளே மேல். பெட்டியில் அடி கண்டுபிடிப்பது சுகம், ஆனால் முழுப் பாட்டாக அடுக்குவது கழுத்தறுப்பு. வோல்கா பீட்ஸில் ஒரு பேட்டர்ன் 16 கட்டம், நினைவில் நிற்பது 8 பேட்டர்ன்தான். பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று, உருட்டலுக்கு இரண்டு என்று போட்டால் இரண்டு பாட்டில் தீர்ந்துவிடும். அலெசிஸ் எஸ்ஆர்-16 முப்பது வருடத்துக்கு மேலாக விற்கிற பழைய ஆள், 233 ஒலிகள், பாட்டாக அடுக்கும் வசதியும் உண்டு, ஆனால் யூஎஸ்பி கிடையாது, மிடி கேபிளும் அதற்கொரு மாற்றியும் தனியாக வாங்க வேண்டும்.

கடைக்குப் போனால் ‘ரிதம் பேடு எடுத்துக்கங்க சார், எல்லா ஆர்க்கெஸ்ட்ராவிலும் இதுதான்’ என்பார்கள். ஆக்டோபேடு போன்ற ரிதம் பேடு மேடைக்கு அருமையான கருவி. ஆனால் அதைக் குச்சியால் நீங்கள் வாசிக்க வேண்டும், தானாக வாசிக்காது. வாசிக்கத் தெரியாமல் வாங்கினால் அதற்கும் ஒரு வகுப்புக்குப் போக வேண்டும்.

5. மென்பொருள் வாங்குகிறீர்கள் என்றால்

செலவைக் கணக்குப் போடும்போது டாலரின் அன்றைய விலையோடு கார்டு கட்டணத்தையும் 18% ஜிஎஸ்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் கையைச் சுடாது. டாலர் 90 ரூபாய் என்று வைத்தால், 180 டாலர் என்று போட்டிருக்கும் மென்பொருள் 16,200 என்று நினைத்துப் போவோம், ஜிஎஸ்டி சேர்ந்து கடைசித் திரையில் 19,000ஐத் தாண்டி நிற்கும். வங்கி தனியாக அந்நியச் செலாவணிக் கட்டணம் 2 முதல் 3.5% வரை பிடிக்கும், அதன் மேலும் வரி உண்டு. ரூபாயில் விலை போடும் இந்திய விற்பனையாளர் கிடைத்தால் முதலில் அவரிடம் பாருங்கள், ஜிஎஸ்டி பில்லும் கிடைக்கும்.

எப்போது வாங்குவது? நவம்பர் கடைசி வாரம். பிளாக் ஃபிரைடே தள்ளுபடியில் டிரம் மென்பொருள்களின் விலை நன்றாகவே இறங்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே தயாராக இருங்கள், நான் இருக்கவில்லை. தள்ளுபடி முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது கார்டைப் போட்டேன், போகவில்லை. 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வரும், வங்கியின் செயலியில் நாமே போய் அதை ஆன் செய்து வரம்பும் வைக்க வேண்டும். நான் அதைக் கண்டுபிடித்து ஆன் செய்வதற்குள் விலை பழையபடி ஏறிவிட்டது. உள்நாட்டுக்கு மட்டுமான ரூபே டெபிட் கார்டு வெளிநாட்டுத் தளங்களில் பெரும்பாலும் எடுபடாது. வாங்கி முடித்ததும் அந்த வசதியைத் திரும்ப அணைத்துவிடுங்கள்.

எதை வாங்குவது? பாட்டு எழுதுகிறவருக்கு டூன்ட்ராக் ஈஸிடிரம்மர் 3 பொருத்தம் என்பேன். ‘பேண்ட்மேட்’ என்ற இடத்தில் உங்கள் கிடார் பதிவைப் போட்டால் அதற்குப் பொருந்தும் அடிகளை எடுத்துக் காட்டும். அவர்களுடைய சுப்பீரியர் டிரம்மர் 3 பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். அதன் ஒலிகள் மட்டும் 230 ஜிபிக்கு மேல், அது ஒலிப்பதிவாளர்களின் சாமான். எக்ஸ்எல்என் அடிக்டிவ் டிரம்ஸ் 2 இன்னொரு நல்ல தேர்வு, தேவையான டிரம் செட்டின் ஒலிகளை மட்டும் பிரித்து வாங்கலாம். மிருதங்கம், டோலக், தபேலா வேண்டுமென்றால் ஸ்வர்பிளக் போன்று இந்தியக் கருவிகளுக்கென்றே வந்தவற்றைப் பாருங்கள். ஈஸிடிரம்மர், அடிக்டிவ் டிரம்ஸ் இரண்டின் அடிப்படைத் தொகுப்பிலும் நம் தோல் கருவிகளைத் தேடாதீர்கள், டிரம்ஸ்தான் இருக்கும்.

டவுன்லோடைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஈஸிடிரம்மர் அளவுள்ள ஒன்றே 15 ஜிபியைத் தாண்டும். நாளைக்கு 2 ஜிபி என்ற போன் பேக்கில் ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கும், நடுவில் கரண்ட் போனால் சில தளங்களில் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் உலாவியில் இறக்காமல், நிறுவனமே தரும் இறக்கும் செயலி இருந்தால் அதில் இறக்குங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். நான் லேப்டாப்பை ஓசூருக்குத் தூக்கிப் போய், ஃபைபர் இணைப்பு வைத்திருக்கும் நண்பன் அறையில் ஒரு ராத்திரி விட்டு எடுத்து வந்தேன். சோதனைக் காலம் தரும் மென்பொருள் என்றால், லீவு இருக்கும் வாரத்தில் மட்டும் அதை ஆரம்பியுங்கள், நாள் எண்ணிக்கை நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஓடும்.

பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டியவை மூன்று. எத்தனை கணினியில் போடலாம். ஆக்டிவேட் செய்த பிறகு பணம் திரும்ப வருமா (பெரும்பாலும் வராது). உரிமத்தை வேறொருவருக்கு மாற்றி விற்கலாமா, அதற்குக் கட்டணம் உண்டா.

6. பெட்டி வாங்குகிறீர்கள் என்றால்

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கிடார், கீபோர்டு, தபேலா கிடைக்கும், டிரம் மெஷினைத் தட்டிப் பார்த்து வாங்குவது கஷ்டம். சேலம் அல்லது பெங்களூரு போக வேண்டும். எங்களுக்கு பெங்களூருதான் வசதி, சேலத்திலிருந்து வரும் ரயில் தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகவே போகிறது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பஸ்தான், சுமார் 90 கிலோமீட்டர். போகும் முன் போன் போட்டு, அந்த மாடல் டெமோவுக்கு வெளியே வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள், ‘இருக்கு’ என்பார்கள், போனால் சீல் வைத்த பெட்டியைக் காட்டுவார்கள். உங்கள் ஒயர் ஹெட்போனையும், போனில் பதிவு செய்த அந்த ‘தகிட’ப் பாட்டையும் எடுத்துப் போங்கள். கடையிலேயே 12 கட்டத்தில் அடி போட்டு, ஒரு காதில் பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பில் விஷயத்தில் வெட்கப்படாதீர்கள். நான் வாங்கிய இடத்தில் ‘பில் வேண்டாம்னா ஆயிரம் ரூபாய் குறைச்சுக்கலாம்’ என்றார்கள், தலையாட்டினேன். மூன்றாம் மாதம் ஒரு பட்டன் இரண்டு தரம் அடிக்க ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் பில் கேட்டார்கள், வாரண்டி போச்சு. விற்கும்போதும் பில் இல்லை என்று சொல்லித்தான் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். ஆக மிச்சம் பிடித்த ஆயிரம் எனக்கு எவ்வளவில் முடிந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை: சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில், கடை முத்திரை போட்ட வாரண்டி அட்டை, பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி உள்ள ஸ்டிக்கரின் போட்டோ. அந்த ஸ்டிக்கரே இல்லையென்றால் அது முறையான வழியில் வந்த சரக்கா என்று சந்தேகப்படுங்கள், அதற்கு இந்திய வாரண்டி கிடைப்பது கஷ்டம். வாக்குவாதம் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வெளிநாட்டிலிருந்து குரியரில் வரவழைக்கலாமா என்று கேட்பீர்கள். அங்கே விலை குறைவாகத் தெரியும், இங்கே வந்ததும் சுங்க வரி, ஐஜிஎஸ்டி, குரியர் கம்பெனியின் கட்டணம் மூன்றும் ஏறும். கேஒய்சிக்கு ஆதார் அல்லது பான் நகலும் கேட்பார்கள், அதில் உள்ள பெயரும் பார்சலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலே தாமதமாகும். முதல் பெட்டிக்கு இந்த வம்பு வேண்டாம்.

அப்புறம் அடாப்டர். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாஸ் பெடல்களுக்கு வரும் 9 வோல்ட் அடாப்டரில் நடு ஊசி மைனஸ். கோர்க் வோல்காவில் நடு பிளஸ். இரண்டும் 9 வோல்ட், முனை பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ராயக்கோட்டையில் என் மச்சான் பெடல் அடாப்டரை எடுத்து வேறொரு பெட்டியில் செருகினான், அன்றோடு அது ஊமை. பெட்டியின் பின்பக்கம் சின்ன வட்டப் படம் இருக்கும், பிளஸ் எங்கே மைனஸ் எங்கே என்று அதைப் பாருங்கள், ஏசியா டிசியா என்றும் பாருங்கள், பார்த்து மார்க்கரால் அடாப்டர் மேலேயே பெட்டியின் பெயரை எழுதிவிடுங்கள்.

பழையது வாங்கினால்: எல்லாப் பட்டனையும் பத்துப் பத்துத் தரம் தட்டுங்கள், சத்தத் திருகுகளைச் சுற்றும்போது கரகரப்பு வருகிறதா கேளுங்கள், ஒரு அடியைச் சேமித்து அணைத்து மறுபடி ஆன் செய்து அது இருக்கிறதா பாருங்கள். முதல் பில்லைக் கேளுங்கள்.

7. நம்ம ஊர் அடி வேண்டுமென்றால் நீங்களே பதிவு செய்யுங்கள்

பம்பை, பறை, உறுமி சத்தத்துக்கு நான் தேடாத இடமில்லை, கிடைத்தவை எங்கள் பக்கத்து அடியாக இல்லை. கடைசியில் எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வாசிக்கும் பம்பைக்காரரிடம் கேட்டேன். திருவிழாவில் பதிவு செய்தால் கூட்டமும் வேட்டும்தான் விழும், அதனால் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு நெல் அறைக்கு வரச் சொன்னேன். மூட்டை அடுக்கிய அறையில் எதிரொலி இருக்காது, வைக்கோலும் சாக்கும் காசில்லாத ஸ்டுடியோ.

“அண்ணே, வலது பக்கம் மட்டும் ஒரு நாலு அடி தனித்தனியா அடிங்க.”

“தனியா அடிச்சா அது அடியா தம்பி? பாட்டுக்குள்ள வந்தாத்தான் அடி.”

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே அடித்தார். அவர் சொன்னதும் சரிதான், தனி அடியோடு முழு நடையையும் நான்கு சுற்றுப் பதிவு செய்துகொண்டேன், கடைசியில் பாட்டில் நின்றது அதுதான். 1,500 ரூபாயும் மத்தியானச் சாப்பாடும். என் பாட்டில் பயன்படுத்துகிறேன் என்று முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கினேன், பேர் போடவா என்று கேட்டதற்கு ‘போடு, கொட்டை எழுத்துல போடு’ என்றார்.

செய்முறை சுருக்கமாக: போனை ஒரு கை தூரத்தில், அடி விழும் தோலுக்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். ஏரோபிளேன் மோடு போடுங்கள். ஒவ்வொரு அடியையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என மூன்று விதமாக, ஒவ்வொன்றும் நான்கு தரம். ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் காது கண்டுபிடித்துவிடும். வெட்டும்போது அடிக்கு முன் உள்ள மௌனத்தை ஒட்ட வெட்டுங்கள், துளி மிச்சம் இருந்தாலும் அடி பின்தங்கும். போனிலேயே செய்ய கோலா சாம்ப்ளர் என்ற செயலி நல்லது, 64 இடங்கள் உண்டு, சில நூறு ரூபாய்தான். கணினியில் ஹைட்ரஜனிலேயே சொந்த டிரம்கிட் செய்து வைக்கலாம்.

8. வாங்கிய பிறகு அதே நாளில்

உரிம மின்னஞ்சல், சீரியல் எண், பில் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வையுங்கள். கணக்கு தொடங்கும்போது கம்பெனி மெயில் முகவரியைக் கொடுக்காதீர்கள், வேலை மாறினால் மென்பொருளும் போகும். முடித்த ஒவ்வொரு பாட்டின் டிரம்ஸையும் வேவ் ஆகவும் மிடியாகவும் தனியே எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள்.

கணினியை ஃபார்மேட் போடுவதற்கு முன் மென்பொருளின் கணக்கில் போய் பழைய கணினியை நீக்குங்கள். நான் ஃபார்மேட் போட்ட பிறகுதான் அதை நினைத்தேன். போடலாம் என்ற கணினிகளின் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது என்றது மென்பொருள், உதவிப் பிரிவுக்கு மெயில் போட்டு பில்லைக் காட்டி நான்கு நாள் காத்திருந்தேன். அந்த நான்கு நாளும் பழையபடி தொடையில் தட்டித்தான் ஒரு சரணம் எழுதினேன், அது ‘தகதகிட’வில் வந்து நிற்கிறது, அதற்கு 10 கட்டம் வேண்டும்.